ஐயாவும் அம்மாவும்: ஜான் குவின்சி ஆடம்ஸ் பெற்றோர்க்கு எழுதிய கடிதங்களில் விளியும் நடையும்

1. முன்னுரை

கடிதம் என்பது இருவர்க்கிடையே நிகழும் உரையாடலின் ஒரு பாதி என்பர். தூதர் ஒருவர் எழுதும் கடிதத்திற்கு இவ்விலக்கணம் முழுதும் பொருந்துவதில்லை. அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் அவருடைய அரசின் கருத்தாகக் கொள்ளப்படக்கூடும். அஞ்சல் வழியில் பிறர் பிரித்துப் படிக்கவும் கூடும். இத்தகைய நிலையிலுள்ள ஒருவர் தம் தாய்க்கும் தந்தைக்கும் எழுதும்போது மகனின் மொழி எது, அரசின் மொழி எது என்று பிரித்தறிவது எளிதன்று. இச்சிக்கலை ஆராய்வதற்கு அமெரிக்கத் தூதராகப் பல நாடுகளில் பணியாற்றிப் பின்னர் அந்நாட்டின் ஆறாம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் குவின்சி ஆடம்ஸ் (1767-1848) தம் பெற்றோர்க்கு எழுதிய கடிதங்கள் சிறந்த சான்றுகளாக அமைகின்றன.

இக்கட்டுரை மூன்று வினாக்களை முன்வைக்கிறது. (அ) இக்கடிதங்களில் விளியும் நடையும் உறவை எவ்வாறு புலப்படுத்துகின்றன? (ஆ) கடிதத்தின் நேரடிப் பொருளுக்கும் அது விளைவித்த செயலுக்கும் உள்ள இடைவெளி யாது? (இ) இவற்றைத் தமிழில் பெயர்ப்பவர் எதிர்கொள்ளும் தெரிவுகள் யாவை?

2. எழுதியவரும் பெற்றவர்களும்

ஆடம்ஸின் தந்தை ஜான் ஆடம்ஸ் அமெரிக்காவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் (1789-1797). இரண்டாம் குடியரசுத் தலைவர் (1797-1801). தாய் அபிகெய்ல் ஆடம்ஸ் பள்ளி சென்று பயிலாதவர். எனினும் பரந்த வாசிப்புடையவர். தம் காலத்தின் சிறந்த கடித எழுத்தாளர்களுள் ஒருவராக மதிக்கப்படுபவர். மகன் பத்து வயதில், 1778-இல், தந்தையுடன் பிரான்சுக்குச் சென்றார். 1781-இல், பதினான்கு வயதில், பிரான்சிஸ் டேனா என்னும் தூதருக்குச் செயலராகவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். 1794-இல் வாஷிங்டன் அவரை நெதர்லாந்துக்குத் தூதராக நியமித்தார். 1797 முதல் 1801 வரை பிரஷ்யாவிலும், 1809 முதல் 1814 வரை ரஷ்யாவிலும், 1815 முதல் 1817 வரை இலண்டனிலும் பணி தொடர்ந்தது. இடையில் 1806 முதல் 1809 வரை ஹார்வர்டில் சொல்லாட்சிக் கலைக்கும் சொற்பொழிவுக் கலைக்கும் பேராசிரியராக இருந்தார்.

மொழியியலார் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெர்லினில் இருந்த காலத்தில் அவர் ஜெர்மன் மொழியைப் பயின்று, வீலாண்டின் ‘ஓபரான்’ என்னும் நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சாதபி என்பவரின் மொழிபெயர்ப்பு 1798-இலேயே வெளிவந்துவிட்டதால் அதனை அச்சேற்றவில்லை. அது 1940-இல்தான் நூலாயிற்று. ஆகவே இக்கடிதங்களை எழுதியவர் தூதர் மட்டுமல்லர், அணியிலக்கணம் கற்பித்தவர், மொழிபெயர்ப்பின் துன்பத்தைத் தாமே அறிந்தவர்.

3. விளி

சிறுவனாக இருந்தபோது ஆடம்ஸ் தாயை விளித்த முறை, ‘மதிப்பிற்குரிய மம்மா’ என்று பொருள்படும் தொடராகும். தந்தையைப் பற்றித் தாய்க்கு எழுதும்போது ‘பப்பா’ என்னும் சொல்லை ஆள்கிறார். (இச்சொல்லைத் தமிழில் ஒலிபெயர்ப்போர் முதலெழுத்தை நீட்டிவிட்டால் தந்தை குழந்தையாகிவிடுவார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.) வளர்ந்து தூதரான பின்னர் இவ்விளிகள் மறைகின்றன. தாய்க்கு எழுதும் கடிதம் ‘மை டியர் மதர்’ என்றும், தந்தைக்கு எழுதும் கடிதம் ‘மை டியர் சர்’ என்றும் தொடங்குகின்றன. அதாவது தாய் உறவுப் பெயராலும், தந்தை மதிப்புப் பெயராலும் விளிக்கப்படுகின்றனர்.

இவ்வேறுபாட்டைத் தந்தையிடம் காட்டிய விலகல் என்று இன்றைய வாசகர் கொள்ளக்கூடும். அது பிழையாகும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் குடும்பங்களில் தந்தையை ‘சர்’ என விளிப்பது இயல்பான வழக்கு. அத்தொடரில் அன்பும் அடக்கமும் ஒருங்கே நின்றன.

தமிழில் பெயர்க்குங்கால் நிலைமை சுவையானது. ஆங்கிலத்தில் முன்னிலைச் சுட்டு ஒன்றே. ஆகவே உறவின் ஏற்றத்தாழ்வு விளியில் மட்டும் வெளிப்படுகிறது. தமிழிலோ பெரும்பாலான குடும்பங்களில் மகன் தந்தையை ‘நீங்கள்’ என்றும் தாயை ‘நீ’ என்றும் அழைக்கிறான். ஆங்கிலம் விளியில் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் இடப்பெயரிலும் வினைமுற்றிலும் காட்டுகிறது. எனவே ‘மை டியர் மதர்’ என்று தொடங்கும் கடிதத்தில் ‘நீ’ என்னும் சுட்டைக் கையாள்வது பொருத்தம் என்று தோன்றலாம். ஆனால் தாய்க்கு எழுதிய கடிதங்களின் நடை இதற்கு இடம் தருவதில்லை. நீண்ட தொடர்கள், இணைநிலை அமைப்புகள், நிறுத்தி நிறுத்திச் சொல்லும் முடிபுகள் ஆகியவை அந்நடையின் இயல்புகள். ‘நீ’ என்னும் சொல் இவற்றோடு இசையாது.

இங்கு ‘நீங்கள்’ என்பதை இருவர்க்கும் பொதுவாக்கி, வேறுபாட்டை மூலத்தைப் போலவே விளியில் வைப்பதே தக்கது. தாய்க்கு ‘அன்புள்ள அம்மா’. தந்தைக்கு ‘அன்புள்ள ஐயா’. இத்தெரிவுக்குத் தமிழே துணை நிற்கிறது. ‘ஐயன்’ என்னும் சொல் தலைவனையும் தந்தையையும் மூத்தோனையும் குறிக்கும். ‘தமையன்’ என்பதிலும் அதுவே நிற்கிறது. தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றிலும் யாழ்ப்பாணத்திலும் தந்தையை ‘ஐயா’ என அழைக்கும் வழக்கு உண்டு. ‘சர்’ என்பதன் இரு கூறுகளும், அதாவது உறவும் மதிப்பும், ஒரு சொல்லிலேயே அடங்குவது மொழிபெயர்ப்பாளர்க்கு அரிதாக வாய்க்கும் பேறு எனலாம்.

4. சிறைப்புறத்தார்

1794 முதல் 1797 வரை ஹேக் நகரிலிருந்து எழுதிய கடிதங்களைப் பெற்ற தந்தை அன்று துணைக் குடியரசுத் தலைவர். ஐரோப்பியப் போர்களின் போக்கு, பிரான்சின் நோக்கம், அமெரிக்கா நடுநிலை காக்க வேண்டியதன் தேவை ஆகியவை அக்கடிதங்களில் விரிவாக இடம்பெற்றன. தந்தை அவற்றை வாஷிங்டனிடம் காட்டினார். மகனை அரசுப் பணியில் மேன்மேலும் உயர்த்துமாறு வாஷிங்டன் 1797-இல் ஜான் ஆடம்ஸுக்கு எழுதியதும் அறியத்தக்கது. 1797 மார்ச் முதல் தந்தையே குடியரசுத் தலைவரானார். அதன்பின் பெர்லினிலிருந்து ‘ஐயா’ என விளித்து எழுதப்பட்ட கடிதம், ஒரே வேளையில் மகன் தந்தைக்கும் தூதர் நாட்டுத் தலைவர்க்கும் எழுதியதாயிற்று.

இந்நிலையை விளக்கச் சங்கப் பாடல்களின் கூற்று மரபு உதவுகிறது. தலைவன் சிறைப்புறத்தானாக, அவன் கேட்குமாறு தோழி தலைவிக்குச் சொல்லுதல் அம்மரபில் நன்கு அறியப்பட்ட துறை. முன்னிலையில் இருப்பவர் ஒருவர். செய்தி சென்றடைய வேண்டியவர் மற்றொருவர். ஹேக் கடிதங்களும் இத்தன்மையனவே. தந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடிய அரசியல் செய்திகளும் அவற்றில் முழுமையாக விளக்கப்படுவதன் காரணம் இதுவாகலாம். வேலிக்கு அப்பால் நிற்பவர் கேட்கிறார் என்னும் உணர்வு தொடரமைப்பையே மாற்றுகிறது.

தந்தைக்கு அரசியல், தாய்க்கு இல்லறம் என்னும் பகுப்பை இக்கடிதங்களில் தேடுவோர் ஏமாறுவர். 1811 ஜூன் 30-இல் தாய்க்கு எழுதிய கடிதம் முழுமையான அரசியற் கடிதம். நியூ இங்கிலாந்துப் பகுதியின் எதிர்க்கட்சியினர் ஒன்றியத்தைப் பிளப்பரோ என்னும் அச்சம் அதில் மேலோங்கி நிற்கிறது. பள்ளி செல்லாத தாயை அரசியல் உரையாடலில் தந்தைக்கு நிகராக வைத்து மகன் எழுதினார் என்பது இக்கடிதங்களின் தலையாய சிறப்புகளுள் ஒன்று.

5. காலச் சுட்டு

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாசசூசெட்ஸில் உள்ள குவின்சி ஊருக்குக் கடிதம் சென்று சேர மாதக்கணக்காகும். குளிர்காலத்தில் பால்டிக் துறைமுகங்கள் உறைந்துவிடும். 1812-இல் தொடங்கிய போர் கடல்வழியை மேலும் அடைத்தது. ஆகவே ‘இன்று’, ‘இப்போது’ என்னும் காலச் சுட்டுகள் எழுதுபவர்க்கு ஒன்றாகவும் படிப்பவர்க்கு மற்றொன்றாகவும் பொருள்படும். இலத்தீன் கடித மரபில் எழுதுபவர் தம்மைப் படிப்பவரின் காலத்தில் வைத்து, நிகழ்வதை இறந்த காலத்தில் கூறுவதுண்டு. சிசரோவைப் பயின்ற ஆடம்ஸ் அவ்வழியைப் பின்பற்றவில்லை. எந்த நாளிட்ட கடிதம் கைக்கு வந்தது என்பதைக் குறித்த பின்னரே செய்திக்குள் நுழைவது அவர் இயல்பு. கணக்கேட்டின் வறட்சி உடையதாகத் தோன்றும் இத்தொடக்கம் உண்மையில் உறவின் கயிறு அறுபடவில்லை என்பதைச் சோதித்துப் பார்க்கும் செயலாகும்.

இவ்விடைவெளியின் கொடுமை 1812-இல் வெளிப்படுகிறது. பீட்டர்ஸ்பர்க்கில் 1811 ஆகஸ்டில் பிறந்த லூயிசா கேதரின் என்னும் ஒரே மகள் 1812 செப்டம்பர் 15-இல் இறந்தாள். அதற்கு முந்தைய நாள்தான் நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்திருந்தான். பாட்டியும் பாட்டனும் அக்குழந்தையைக் கண்டதே இல்லை. அவள் மறைந்து சில நாட்களில் ஆடம்ஸ் தாய்க்கு எழுதினார். அபிகெய்லும் 1770-இல் சூசன்னா என்னும் பெண் குழந்தையை ஏறத்தாழ அதே வயதில் இழந்தவர். எனவே இது துயரம் அறியாதவர்க்குத் துயரத்தை விளக்கும் கடிதம் அன்று. சொல்லாட்சிப் பேராசிரியரின் அணிகள் இங்குப் பின்வாங்குகின்றன. விவிலிய மரபில் வந்த ஆறுதல் மொழிகளே முன்னிற்கின்றன. வழக்கிலுள்ள தொடர் புதுமையற்றது என்று திறனாய்வாளர் ஒதுக்குவதுண்டு. ஆனால் தாயும் மகனும் ஒருங்கே கற்ற தொடர் அது. தொலைவில் இருப்பவர்களை ஒரே வாக்கியத்திற்குள் நிற்கச் செய்வது பொதுத்தொடரின் ஆற்றல். தமிழில் இதனைப் பெயர்ப்பவர் தனித்தன்மை வேண்டிப் புதுச் சொல் தேடாமல், தமிழ் விவிலியத்தின் பழகிய நடையை நாடுவதே முறை.

6. முறையீடும் வேண்டுகோளும்

ரஷ்யாவில் ஆடம்ஸின் ஆண்டு ஊதியம் 9,000 டாலர். அரசவையின் ஆடம்பரத்திற்கு ஈடுகொடுக்கும் ஏனைய தூதர்களின் நடுவே இத்தொகை போதவில்லை. வீட்டு வாடகை, வேலையாட்கள், அரசவை உடை ஆகியவற்றின் செலவைக் குறித்து அவர் தாய்க்கு எழுதினார். அவருடைய மூத்த மகன்கள் ஜார்ஜும் ஜானும் குவின்சியில் உறவினர் பொறுப்பில் இருந்தனர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. அக்கடிதங்களைப் படித்த அபிகெய்ல் 1810-இல் குடியரசுத் தலைவர் மாடிசனுக்குத் தாமே எழுதி, மகனைத் திரும்ப அழைக்குமாறு வேண்டினார். மாடிசனும் திரும்புவதற்கு இசைவளித்து ஆடம்ஸுக்கு எழுதினார். 1811-இல் உச்சநீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தார். செனட் அவையும் ஏற்றது. ஆடம்ஸோ அதனை ஏற்க மறுத்துப் பீட்டர்ஸ்பர்க்கிலேயே தங்கினார்.

பயன்வழி மொழியியல் நோக்கில் இந்நிகழ்ச்சி பெரிதும் பயனுடையது. மகன் எழுதியது வடிவத்தால் செய்தி, உணர்வால் முறையீடு. தாய் அதனை வேண்டுகோளாக ஏற்றுச் செயற்பட்டார். ‘இங்கு வெப்பமாக இருக்கிறது’ என்னும் கூற்றைக் கேட்டுச் சாளரத்தைத் திறப்பது போன்ற மறைமுக மொழிச்செயல் இது என்று எளிதாக முடித்துவிட இயலாது. ஏனெனில் எழுதியவர் சாளரம் திறக்கப்பட்டதும் அதனை மூடிவிட்டார்.

இதற்கு விளக்கம் உறவில்தான் உள்ளது. அரசுக்கு எழுதும் அறிக்கையில் செலவைச் சொன்னால் அது கோரிக்கையாகும். நாட்குறிப்பில் எழுதினால் அது தன்னுரையாகும். பெற்றோர்க்கு எழுதும்போது மட்டுமே முறையீடு எதையும் கோராமல் முறையீடாகவே நிற்க முடியும் என்று மகன் கருதினார் போலும். ஆனால் தாய்க்கு அத்தகைய முறையீடு என்று ஒன்றில்லை. பிள்ளை துன்பம் என்று சொன்ன அளவிலேயே அவர்க்கு அது ஆணையாகிவிடுகிறது. கேட்போரின் உறவு நிலையே கூற்றின் செயலாற்றலை முடிவு செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மொழிபெயர்ப்பாளர் இங்கு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். செலவு பற்றிய தொடர்களைப் பெயர்க்கும்போது ‘என்ன செய்வது என்று தெரியவில்லை’, ‘எப்படிச் சமாளிப்பேனோ’ என்பன போன்ற தமிழ்ப் புலம்பல் வாய்பாடுகள் எளிதில் வந்து புகும். அவை தாயின் செயலை முன்கூட்டியே நியாயப்படுத்திவிடும். மூலத்தின் கணக்கு நடையைக் கணக்கு நடையாகவே விட்டால்தான், தாய் அதனுள் கேட்ட குரல் எது என்பதைத் தமிழ் வாசகர் தாமே உணர்வர்.

7. ஒரு மக்கள், ஒரு மொழி

1811 ஆகஸ்ட் 31-இல் ஆடம்ஸ் தந்தைக்கு எழுதிய கடிதம் வரலாற்றாசிரியரால் பெரிதும் எடுத்தாளப்படுவது. வட அமெரிக்கக் கண்டம் முழுவதும் ஒரே மொழி பேசி, சமயத்திலும் அரசியலிலும் ஒரே பொதுக் கொள்கையைப் பின்பற்றி, ஒத்த பழக்கவழக்கங்களை உடைய ஒரே மக்கட் சமுதாயத்திற்கு இறைத்திட்டத்தால் விதிக்கப்பட்டது என்பதும், அவர்தம் நன்மைக்கு ஒரே கூட்டாட்சி இன்றியமையாதது என்பதும் அதன் கருத்து. 1819-இல் அவர் வெளியுறவுச் செயலராக ஸ்பெயினுடன் கையெழுத்திட்ட உடன்படிக்கை அமெரிக்காவின் எல்லையைப் பசிபிக் கடல்வரை கொண்டு சென்றது. ஆகவே இது தந்தையோடு பகிர்ந்த கனவு மட்டுமன்று. பின்னர்ச் செயலான கொள்கை.

இக்கடிதம் எழுதப்பட்ட வீட்டின் மொழிநிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆடம்ஸ் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தரோடும் வேந்தவை அமைச்சர் ருமியான்ட்சேவோடும் பிரெஞ்சு மொழியில் உரையாடினார். மனைவி லூயிசா இலண்டனில் பிறந்து, இளம்பருவத்தில் பிரான்சின் நாந்த் நகரில் வளர்ந்தவர். இளைய மகன் சார்லஸ் பிரான்சிஸ் பீட்டர்ஸ்பர்க்கில் பிரெஞ்சைச் சரளமாகப் பேசி வளர்ந்தான். எழுதியவரோ இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் ஆகியவற்றைக் கற்றவர். பன்மொழி வீட்டிலிருந்து ஒருமொழிக் கண்டம் கனவு காணப்பட்டது என்பது இக்கடிதத்தின் முரண்.

கடிதம் பேசும் கண்டத்தில் அன்று நூற்றுக்கணக்கான பழங்குடி மொழிகள் வழங்கின. பென்சில்வேனியாவில் ஜெர்மன், 1803-இல் வாங்கப்பட்ட லூயிசியானாவில் பிரெஞ்சு, தெற்கிலும் மேற்கிலும் ஸ்பானியம் என ஐரோப்பிய மொழிகளும் பல. ஆடம்ஸ் இதனை அறியாதவர் அல்லர். லூயிசியானா மக்களின் இசைவின்றி அவர்கள்மீது வரி விதித்தலாகாது என்று 1804-இல் செனட் அவையில் தீர்மானம் கொணர்ந்தவர் அவரே. இசைவு வேண்டும் என்று வாதிட்டவர், ஏழாண்டுகளுக்குப் பின் அம்மக்களின் மொழியைக் கணக்கில் கொள்ளாமல் விட்டது அறியாமையன்று, அச்சம் எனலாம். நெப்போலியன் காலத்து ஐரோப்பா சிறு நாடுகளின் அழிவை அவர் கண்முன் காட்டியது. ஒன்றியம் சிதைந்தால் அமெரிக்காவும் ஓயாது பொருதும் சிறு குலங்களாகும் என்று அதே ஆண்டு ஜூனில் தாய்க்கு எழுதியதையும் இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அச்சத்தின் காரணம் விளங்குவதால் முடிவு சரியாகிவிடாது. அரசியல் ஒருமைக்கு மொழி ஒருமை முற்தேவை என்னும் எண்ணம் இங்கு நிறுவப்படவில்லை. இறைத்திட்டம் என்னும் சொல்லால் வினாவுக்கு அப்பால் வைக்கப்படுகிறது. 1950-இல் பதினான்கு மொழிகளையும் இன்று இருபத்திரண்டு மொழிகளையும் தன் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் கொண்டுள்ள நாட்டின் வாசகர், இக்கடிதத்தை மறுமொழியின்றிப் படித்தல் இயலாது.

மொழிபெயர்ப்பில் மூன்று சொற்கள் இடர் தருவன. முதலாவது ‘நேஷன்’. இதற்கு ‘நாடு’ என்பது வழக்கமான பெயர்ப்பு. ஆனால் தமிழில் ‘நாடு’ நிலத்தைச் சுட்டுவது. இத்தொடரிலோ அச்சொல் நிலத்தில் வாழவிருக்கும் மக்களைச் சுட்டுகிறது. ‘மக்கட் சமுதாயம்’ என்பதே பொருந்தும். இரண்டாவது ‘பிராவிடன்ஸ்’. ‘ஊழ்’ என்றோ ‘விதி’ என்றோ பெயர்த்தால் ஆளற்ற நியதி ஆகிவிடும். மூலத்தில் இருப்பது திட்டமிடும் இறைவன். மூன்றாவது, ஓரிடத்தை மக்களால் நிரப்புதலைக் குறிக்கும் ‘பீப்பிள்’ என்னும் வினை. அங்கு முன்பே எவரேனும் இருந்தனரா என்பதை அது சொல்வதில்லை. தமிழில் ‘வாழ்தல்’ என்றால் தொன்மை தோன்றும். ‘குடியேறுதல்’ என்றால் வெளியிலிருந்து வந்தமை தோன்றும். ஆங்கில வினை மறைப்பதைத் தமிழ் வினை வெளிப்படுத்தியே தீரும். இங்கு ‘குடியேறுதல்’ என்பதே வரலாற்றுக்கு உண்மையானது. இதனை மொழிபெயர்ப்பாளரின் திணிப்பு என்று கூறுதல் பொருந்தாது. இலக்குமொழியின் இலக்கணம் கேட்கும் வினாவுக்கு அளிக்கும் விடை அது.

8. முடிவுரை

இக்கடிதங்களை வொர்திங்டன் போர்டு 1913 முதல் 1917 வரை ஏழு தொகுதிகளாகப் பதிப்பித்தபோது பொதுவாழ்வுச் செய்திகளுக்கே முதன்மை தந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் வெளியிட்டுவரும் ஆடம்ஸ் குடும்பக் கடிதப் பதிப்பில் பெற்றோரின் குரலும் மகனின் குரலும் அடுத்தடுத்து நிற்கின்றன. மறுமொழியோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் கடிதத்தின் பொருள் நிறைவு பெறுகிறது என்பதற்கு 1810-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே போதிய சான்று.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் கருத்துகள் வருமாறு: இக்கடிதங்களில் உறவு விளியில் சுருங்கி, தொடரமைப்பில் விரிகிறது. மகனுக்கும் தூதர்க்கும் இடையே எல்லைக்கோடு வரைதல் இயலாது. ஒவ்வொரு கடிதத்திலும் யார் சிறைப்புறத்தார் என்று வினவுதலே ஆய்வுக்குரிய வழி. அணி மிகுந்த இடங்களில் ஆடம்ஸ் உறுதியானவராகத் தோன்றுகிறார். ஆனால் 1811 ஆகஸ்ட் கடிதத்தில் காணப்படும் அவ்வுறுதியே அவருடைய பெருங்குறையாகவும் அமைகிறது. அணி நீங்கிய 1812-ஆம் ஆண்டுக் கடிதம் அவரைச் சிறியவராக்கவில்லை. தமிழில் பெயர்ப்பவர் இவ்விரண்டையும் ஒரே செம்மையான நடையில் சமன்செய்துவிட்டால் கண்டத்தை அளந்த தூதர் மட்டுமே எஞ்சுவார். குழந்தையை இழந்து தாய்க்கு எழுதிய மகன் மறைந்துவிடுவார்.